கிதர் பாய் ஊமையாக்கித் தந்த டிவி

டிவியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோவதா வேண்டாமா என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு வருடம் சண்டை நடந்தது. நான் டெர்பி என்ற ஊரில் நர்ஸ்; அவர் திண்டுக்கல் மேட்டுப்பட்டியில், பாத்திமா மாதாவின் பெயர் வைத்த எங்கள் மகள் பாத்திமாவோடு. அதனால் சண்டையெல்லாம் போனில்தான். வெளிநாட்டுப் போனுக்கு வாங்குகிற காலிங் கார்டில் பாதி, மகள் படித்தாளா, சாப்பிட்டாளா என்று கேட்பதற்குப் போகும். மீதிப் பாதி அந்த இருபத்தோரு இன்ச் பெட்டிக்குப் போகும். கடைசியில் நான்தான் தோற்றேன். தோற்றதற்காக இன்றுவரை கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். கடவுளுக்கு அடுத்தபடியாகப் பேகம்பூர் கிதர் முகம்மதுவுக்குச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

கிதர் பாய் டிவி மெக்கானிக். எங்களைவிட ஏழெட்டு வயது இளையவர், ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டரும் ஒரு நீலப் பேனாவும் இருக்கும். அவருடைய வாப்பா தோல் கிடங்கில் வேலை பார்த்தவர். மகனையும் அங்கேயே சேர்த்துவிடப் பார்த்திருக்கிறார். "தோல் வாடை ஏறுச்சுன்னா எனக்குச் சோறு இறங்காது சிஸ்டர். அதான் ஈயம் உருகுற வாடைக்கு வந்துட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பார். ஐ.டி.ஐ. படித்துவிட்டு, பேகம்பூரிலேயே ஆறடிக்கு எட்டடியில் ஒரு கடை போட்டார். பிக்சர் டியூப் போய்விட்டால் போய்விட்டது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். ரிப்பேர் செய்த டிவியின் முதுகு மூடியில் உள்பக்கமாக அந்த நீலப் பேனாவால் தேதியையும் என்ன கோளாறு என்பதையும் எழுதி வைப்பார். அதைப் பார்த்த அன்றே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டர்களே கேஸ் ஷீட்டை அவ்வளவு ஒழுங்காக எழுத மாட்டார்கள்.

அவரிடம் ஒரே ஒரு குறை. வாயைத் திறக்க மாட்டார். என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று வேலை முடியும் வரைக்கும் சொல்ல மாட்டார். எனக்கோ வாய் நீளம். இருபது வருடம் வார்டில் அதிகாரம் பண்ணிப் பழகிய வாய். இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பிறகு தெரிந்தது.

என் வீட்டுக்காரர் பெயர் ஸ்தனிஸ்லாஸ். பூகோள வாத்தியார். தொண்ணூற்று மூன்றில் அந்தக் கலர் டிவியை வாங்கினோம். தொண்ணூற்றாறில் அவருக்குப் பக்கப் பார்வை குறைய ஆரம்பித்தது. வாசல் நிலையில் தோளை இடித்துக்கொள்வார். நான் கவனம் இல்லாத மனுஷன் என்று திட்டுவேன். ஊர்ப்பட்ட நோயாளிகளைப் பார்க்கிற எனக்கு, வீட்டிலிருந்த நோயாளியைத் தெரியவில்லை. மதுரையில் கொண்டுபோய்க் காட்டியபோது, கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுவிட்டது, இனி மீளாது என்றார்கள். தொண்ணூற்றெட்டில் வெளிச்சம் மொத்தமாகப் போயிற்று. வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். உலகப் படத்தில் எந்த நாட்டையும் ஒரு நொடியில் தொட்டுக் காட்டுகிற மனிதர், தண்ணீர்ச் செம்பு எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டியதாயிற்று.

அந்த வருடம் கேபிள் பின் கழன்றுவிட்டதென்று கிதர் பாயைக் கூப்பிட்டிருந்தேன். அவர் வேலையை முடித்ததும் என் வீட்டுக்காரர் சத்தத்தைக் கூட்டப் போய், பட்டன் தெரியாமல் டிவியை அணைத்துவிட்டார். அணைத்தது தெரிந்ததும், "போதும், அப்புறம் பாத்துக்கலாம்னுதான் ஆஃப் பண்ணேன்" என்றார். நான் அதை நம்பினேன். கிதர் பாய் அந்தப் பட்டன்களை ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் யாரும் கூப்பிடாமலே வந்தார். குழாய் ஓட்டையை அடைக்கிற எம்-சீலைக் கையில் பிசைந்துகொண்டே வந்தார். டிவி பட்டன்களின் மேல் குண்டூசித் தலை அளவுக்குப் புள்ளி வைத்தார். சத்தத்தைக் கூட்ட ஒரு புள்ளி, குறைக்க இரண்டு. சேனலை முன்னே தள்ள ஒரு கோடு, பின்னே தள்ள இரண்டு கோடு. அணைக்கிற பட்டனில் ஒன்றும் இல்லை. "சார், காயட்டும். சாயங்காலம் தொட்டுப் பாருங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அன்று சாயங்காலத்திலிருந்து அந்த டிவி அவர் கைக்குள் வந்துவிட்டது. நியூஸ், கிரிக்கெட், பட்டிமன்றம் எல்லாம் காதாலேயே பார்த்தார். எங்கள் வீட்டில் யாரையும் கூப்பிடாமல் அவரால் முழுசாகச் செய்ய முடிந்த காரியம் அது ஒன்றுதான். அது எனக்குப் புரிந்திருந்தால் பின்னால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

இரண்டாயிரத்து ஒன்றில் எனக்கு டெர்பியில் வேலை கிடைத்தது. நான் முன்னால் போய், ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்து, இரண்டு பேரையும் நிரந்தரமாக அழைத்துக்கொண்டு போவது என்று திட்டம். போன பிறகு எதைக் கொண்டுவருவது, எதை விடுவது என்ற பேச்சு ஆரம்பித்தது. கிரைண்டர் வேண்டும் என்றேன், சரி என்றார். மாதா சுரூபம் வேண்டும் என்றேன், சரி என்றார். டிவி வேண்டும் என்றார் அவர்.

"இங்க டிவிய ரோட்டோரம் தூக்கிப் போட்டுட்டுப் போறாங்க. நீங்க கப்பல்ல ஏத்தி அனுப்புவீங்களோ?"

"உன் குவாட்டர்ஸ் டிவியில எத்தன பட்டன் இருக்கு?"

"டிவியில ஒண்ணும் இல்ல. ரிமோட்லதான் ஒரு நாப்பது இருக்கும்."

"ஒரு நாள் தப்பா அமுக்கிட்டேன், கறுப்பா எழுத்தா வந்துருச்சு, பழையபடி கொண்டுவர எனக்கு அரை மணி நேரம் ஆச்சுன்னு சொன்னயில்ல? கண்ணு தெரிஞ்ச உனக்கே அரை மணி நேரம்."

நான் அந்த ரிமோட்டிலும் எம்-சீல் வைத்துக்கொள்ளலாம் என்றேன். நாற்பது பட்டனுக்கு எத்தனை புள்ளி வைப்பாய் என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்து, டிவி வந்தால் நான் அந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று போனை வைத்துவிட்டேன். அதோடு அவர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இரண்டாயிரத்து இரண்டு மார்ச் மாதம் லீவில் வந்து இறங்கினேன். தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அது தொடங்குகிற சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் என்கிற உயிர்ப்புத் திருநாள் வரை கறியும் கிடையாது, டிவியும் கிடையாது. கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுகிற மாதிரி என் மாமியார் காலத்தில் ரேடியோவை மூடினார்கள்; நாங்கள் டிவியை மூடினோம். நான் வந்தபோதும் அது துணி போர்த்திக்கொண்டு ஒரு மூலையில் இருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். என் தம்பி இனிகோவுக்குத்தான் என்று முடிவும் செய்துவிட்டேன்.

உயிர்ப்புத் திருநாளன்று இனிகோ குடும்பத்தோடு வந்தான். பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் துணியை எடுத்து டிவியைப் போட்டான். படம் பளிச்சென்று வந்தது. சத்தம் இல்லை. ஒரு புள்ளி பட்டனை விடாமல் அமுக்கிப் பார்த்தான். அப்போதும் இல்லை. எல்லாச் சேனலிலும் ஆட்கள் வாயை வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு கை வச்சது?" என்று கேட்டேன்.

"கிதர் பாய்தான். சாம்பல் புதனுக்கு முந்துன நாள் வந்து கழட்டி மாட்டிட்டுப் போனாரு" என்றாள் பாத்திமா.

என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பேகம்பூருக்கு நடந்தேன். டிவி போனதற்காக எனக்குக் கோபம் இல்லை. அதை நானே கொடுத்துவிடுவதாக இருந்தேன். என்னால் தாங்க முடியாதது வேறு. அதைக் கடை வாசலில் நின்று, இரண்டு மூன்று பேர் பார்க்க, சத்தமாகவே சொன்னேன்.

"கண்ணு தெரியாத மனுசன்தானேன்னு ஏமாத்திட்டீங்களே பாய். நான் ஊர்ல இல்ல, யாரு கேக்கப் போறான்னு நெனச்சீங்களா? அவருக்கு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் கெடுத்து வச்சிருக்கீங்க."

இன்னும் சொன்னேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. கடையிலிருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த ஈயக் கம்பியை வைத்துவிட்டு, ஸ்டூலைத் துடைத்து என் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க சிஸ்டர். அது இங்க பேசக் கூடாது. பேசுச்சுன்னாத்தான் தப்பு."

முதல் முறையாக அவர் ஒரு காரியத்தை முழுசாக விளக்கியது அன்றுதான். சில வருடங்களுக்கு முன்னால் சித்தையன்கோட்டை வியாபாரி ஒருவரின் மகன் லண்டனிலிருந்து ஒரு டிவி கொண்டுவந்தானாம். இங்கே போட்டால் படம் வருகிறது, சத்தம் இல்லை. ஊரெல்லாம் காட்டிவிட்டு இவரிடம் வந்திருக்கிறார்கள். பதினோரு நாள் அதோடு மல்லுக்கட்டி இவர் கண்டுபிடித்தார். அந்த நாட்டில் படம் வருகிற முறை நம் முறைதான். சத்தம் மட்டும் கொஞ்சம் தள்ளி வருகிறது. நம் டிவி சத்தத்தைத் தேடுகிற இடத்தில் அங்கே சத்தம் இருக்காது. உளுந்தம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக, மூன்று கால் வைத்து, சத்தத்தைத் தேடிப் பிடிக்கிற ஒரு சாமான் உள்ளே இருக்கிறது. அதை மாற்றியதும் லண்டன் டிவி திண்டுக்கல்லில் பேசியது.

"அதுல கழட்டுனத பல்பொடி டப்பாவுல போட்டு வச்சிருந்தேன். நம்ம டிவி அங்க போனா பேசுமான்னு சார் வந்து கேட்டாரு. அந்த ஊருச் சாமான அந்த ஊருக்கே அனுப்புறோம், அம்புட்டுத்தான். நாப்பது நாளு நீங்க டிவி போட மாட்டீங்கன்னு தெரியும். அதான் சாம்பல் புதனுக்கு முன்னாடி மாத்துனேன். சிஸ்டர்ட்ட நானே சொல்லிக்கிறேன்னு சாரு சொன்னாரு."

சார் சொல்லவில்லை. டிவி வந்தால் வீட்டில் இருக்க மாட்டேன் என்ற பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வார்?

"அங்க போயி நிச்சயமாப் பேசுமா?"

"நூத்துக்குத் தொண்ணூறு பேசும். இங்க வச்சு டெஸ்ட் பண்ண முடியாதே சிஸ்டர். வேணாம்னா சொல்லுங்க, பத்து நிமிசத்துல பழசு மாதிரி ஆக்கித் தாரேன். இங்க பேசும். அங்க பேசாது. எது வேணும்னு சார்ட்டக் கேளுங்க."

வீட்டுக்கு வந்தேன். இனிகோ போய்விட்டிருந்தான். என் வீட்டுக்காரர் அந்த ஊமை டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பேசாத பெட்டிக்காக இவ்வளவு பாடா, அங்கே போய் ரேடியோ வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டேன். அவர் குரல் உயரவில்லை.

"நீ பன்னெண்டு மணி நேரம் டூட்டிக்குப் போயிருவ. இவ ஸ்கூலுக்குப் போயிருவா. அந்த வீட்டுல வாசல் எங்க, அடுப்பு எங்கன்னு எனக்குத் தெரியாது. தெருவுல போறவன் பாஷையும் பாதிதான் புரியும். தொட்டா எனக்குத் தெரிஞ்ச பொருளு ஒண்ணாச்சும் அங்க இருக்கணும் செல்வி. யாரையும் கூப்பிடாம நானே போட்டு நானே அமத்துற மாதிரி ஒண்ணே ஒண்ணு."

இதை ஒரு வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். காலிங் கார்டில் நிமிடம் போதவில்லை என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கிரைண்டரைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் டிவியை ஏற்றினோம். தூத்துக்குடியில் கப்பலேற்றுவதற்காக வீட்டில் பெட்டி அடித்தபோது கிதர் பாயே வந்து, பழைய தலையணைகளை வைத்து மூலைகளைக் கட்டினார். சொந்தக்காரர்கள் எல்லாரும் பேசாத டிவியைச் சீமைக்குக் கொண்டுபோகிற கிறுக்குக் குடும்பம் என்று சிரித்தார்கள். நான் கடையில் பேசியதைப் பற்றிக் கிதர் பாய் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எனக்கும் மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. ஆயிரம் பேரை அதட்டிய வாய்க்கு அந்த ஒன்று வரவில்லை.

கடைசியாக அவர் டிவியின் முதுகு மூடியில் போட்டிருந்த ஒரு சின்ன ஓட்டையை என் வீட்டுக்காரரின் விரலில் தொட்டுக் காட்டினார். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைத் தேய்த்து, நுனியை ஸ்க்ரூ டிரைவர் மாதிரி தட்டையாக்கிக் கையில் கொடுத்தார்.

"உள்ள கம்பி சுத்துன காயில் ஒண்ணு இருக்கு சார். சத்தம் எந்த இடத்துல நிக்கும்னு நான் குத்துமதிப்பாத்தான் வச்சிருக்கேன். அங்க வெறும் காத்து மாதிரி உஸ்ஸுன்னு வந்துச்சுன்னா, இத ஓட்டைக்குள்ள விட்டு நூலளவு நூலளவாத் திருகுங்க. பிளாஸ்டிக்குதான், ஷாக் அடிக்காது. இதுக்குக் கண்ணு வேணாம், காது போதும். உங்க காது எங்க யாருக்கும் கிடையாது."

டெர்பிக்குப் போய் இரண்டு மாதம் கழித்து, ஜூன் கடைசியில் பெட்டி வந்தது. அந்த இரண்டு மாதமும் என் வீட்டுக்காரர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். டூட்டி முடிந்து வரும்போது, நான் காலையில் எந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனேனோ அதே நாற்காலியில் இருப்பார். மத்தியானச் சோறு மூடியபடி இருக்கும். பசிக்கவில்லை என்பார். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நாள் கேட்டார். இந்த மனிதரை இழுத்து வந்து என்ன செய்துவிட்டேன் என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

பெட்டியைப் பிரித்து, பிளக்கை மாற்றி, கிதர் பாய் தமிழில் எழுதிக்கொடுத்திருந்த காகிதத்தைப் பார்த்துப் பாத்திமா சேனல்களைத் தேடிப் பிடித்தாள். வானிலை சொல்கிற ஆள் ஒருவர் படத்துக்கு முன்னால் நின்று கையை வீசினார். வாய் அசைந்தது. சத்தம் இல்லை. காது வைத்துக் கேட்டால் உஸ் என்று ஒரு இரைச்சல் மட்டும்.

 கிதர் பாய் சொன்ன தொண்ணூறு போக, பேசாத அந்த மீதிப் பத்து நமக்குத்தான் விழுந்தது என்று நினைத்தேன்.

"செத்த நகரு" என்றார் அவர்.

டிவியின் முதுகுப் பக்கம் மண்டியிட்டு, ஓட்டையை விரலால் தேடினார். பிரஷ் காம்பை உள்ளே விட்டார். ஏதோ ஒன்றில் பொருந்தியது அவர் முகத்தில் தெரிந்தது. நூலளவு திருகினார். இரைச்சல் கூடியது. திருப்பிக் கொண்டுவந்து மறுபக்கம் திருகினார். தூரத்தில் யாரோ தொண்டையைச் செருமுவது போலக் கேட்டது.  இன்னும் நூலளவு. கரகரவென்று ஒரு ஆண் குரல் வந்தது. அது தெளிந்து, ஸ்காட்லாந்தில் மழை என்றது. அவர் காம்பை உருவிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். ஸ்காட்லாந்து, வேல்ஸ், நார்தம்பர்லாந்து என்று அந்த ஆள் சொல்லச் சொல்ல, என் வீட்டுக்காரர் வலது கையைக் காற்றில் தூக்கி ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினார், வகுப்பில் படத்தின் முன்னால் நின்ற மாதிரியே. நான் சத்தம் போட்டு அழுதேன். அழுததில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை நான் டூட்டிக்குப் போனேன். இரவு எட்டரைக்குத் திரும்பியபோது அவர் அந்த நாற்காலியில் இல்லை. டிவிக்குப் பக்கத்தில் சோபாவில் இருந்தார். மத்தியானச் சோற்றுத் தட்டு காலியாக இருந்தது. நாளைக்கு மத்தியானம் மழை, குடை எடுத்துக்கொண்டு போ என்றார். அந்த ஊருக்குப் போய் அவர் எனக்குச் சொன்ன முதல் தகவல் அதுதான்.

மறுநாள் எனக்கு லீவு. காலை பதினொரு மணிக்குக் கார்டைப் போட்டுக் கடைக்குப் போன் செய்தேன். அங்கே மத்தியானம் மூன்றரை. கிதர் பாயே எடுத்தார். என் வீட்டுக்காரர் போனை வாங்கி, டிவிக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒரு பெண் இங்கிலீஷில் கேக் செய்யச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் முழுவதும் அதைப் பேகம்பூர் கேட்டது. போனை நான் திரும்ப வாங்கியபோது, கிதர் பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு, "திருகுனது யாரு சிஸ்டர்? நீங்களா?" என்று கேட்டார்.

"நான் கையே வைக்கல பாய். அவருதான்."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. என் வீட்டுக்காரர் எழுந்து போய், புள்ளிகளைத் தடவி, டிவியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வீடு அமைதியாயிற்று. இப்போது விட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"பாய், அன்னைக்குக் கடையில நாலு பேரு முன்னால நான் பேசுனது தப்பு. உங்களப் போயி ஏமாத்துனீங்கன்னு சொல்லிட்டேன். என்ன மன்னிச்சிருங்க."

"என்ன சிஸ்டர் சொல்றீங்க?" என்றார் கிதர் பாய். "டிவி ரொம்பச் சத்தமா இருக்கு. ஒண்ணுமே காதுல விழுகல."